கொல்லையில் ஒரு பால்பல்

பல்லக்காவின் புருஷன் எங்கே என்று கேட்டால் எங்கள் தெருவில் இரண்டு பதில் கிடைக்கும். பல்லக்காவிடமே கேட்டால், கப்பலில் வேலை தேடப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போன மனிதர், போனவர் போனவர்தான் என்பாள். வேறு யாரிடம் கேட்டாலும் குரல் தானாகத் தாழும். கண் அவள் வீட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டு வரும். பிறகு ஒரு சிரிப்பு. விளையாட்டுக்குச் சொல்வதுதான். ஆனால் வருஷக்கணக்கில் ஒரே விளையாட்டை ஒரு தெருவே சலிக்காமல் ஆடுகிறது என்றால், அதில் கொஞ்சம் ஆசையும் கலந்திருக்கிறது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

தெருவின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த மனிதர் எதையும் ஆரம்பிப்பார், எதையும் முடிக்கமாட்டார். பாதி பெயின்ட் அடித்த கதவு, ஒற்றைக் கீலில் தொங்கும் ஜன்னல், பாதியில் நின்றுபோன மாடிப்படி எல்லாம் அவர் கைவண்ணம். கடைசியாகக் கொல்லையில் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறேன் என்று இடுப்பளவுக்குப் பள்ளம் தோண்டினார். அதோடு சரி. அதைப் பற்றித்தான் அந்தச் சாயங்காலச் சண்டை. அக்கம்பக்கத்தில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள். மறுநாள் ஆளைக் காணோம். அந்த வாரமே பல்லக்கா தன் கையாலேயே பள்ளத்தை மூடி, மேலே ஒரு எலுமிச்சங்கன்று நட்டாள். மழை வருகிறது, பள்ளத்தில் தண்ணீர் நின்றால் கொசு வரும் என்றாள். கொசுவாம்.

அவள் மாமியார் அப்போது வீட்டில் இல்லை. மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மகன் இல்லை, பள்ளம் இல்லை, ஒரு கன்று மட்டும் நின்றது. பின்வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கன்றின் அடியில் ஊற்றினார். எதுவும் கேட்கவில்லை. அந்த எலுமிச்சை அடுத்த கோடையைத் தாண்டவில்லை. செம்புத் தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. சாயங்காலமானால் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். வயசாகிவிட்டது, பாவம் என்று தெரு சொல்லும். பல்லக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பல்லக்கா என்பதும் தெரு வைத்த பெயர்தான். பல்செட்டு செய்வது அவள் தொழில். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, அதன் மேல் மெழுகு ஈறு கட்டி, பல் பதித்துக் கொடுப்பாள். பின்னறைதான் பட்டறை. கொல்லையைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே மேஜை. மேஜையில் ஸ்பிரிட் விளக்கு, மெழுகுக் கத்தி, சுழல் அரம். சுவரெல்லாம் பலகை, பலகையெல்லாம் பிளாஸ்டர் தாடைகள். தெருவில் பாதிப் பேரின் வாய் அங்கே திறந்தபடி உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் அவள் கைவேலை. ஊர்க்கதை பேச அந்தப் பல்செட்டு எவ்வளவு உழைக்கிறது என்பதைத் தேய்மானத்தைப் பார்த்தே பல்லக்கா சொல்லிவிடுவாள். சொன்னதில்லை. அதுதான் அவளிடம் தெருவுக்குப் பிடிக்காத விஷயம்.

கழிவுநீர்க் குழாய் பதிக்க வந்த குழாய்க்காரர்தான் முதலில் அதை எடுத்தார். பின்சுவரோரமாக, பழைய பள்ளம் இருந்த இடத்துக்கு ஒரு எட்டு தள்ளி.

"அக்கா, கொஞ்சம் வாங்க. கல்லுன்னு நினைச்சேன். பல்லு மாதிரி இருக்கு."

"பல்லா? யாரோட பல்லு?" என்று கேட்டது பல்லக்கா இல்லை. மதில் மேல் தையல்காரம்மாவின் தலை முளைத்திருந்தது. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் ஒரு கை இன்னும் அவள் தோளில் கிடந்தது.

பல்லக்கா அதைக் குழாயடியில் கழுவினாள். அரை எலுமிச்சை அளவுகூட இல்லை. மண்ணுக்குள் கிடந்து கருஞ்சிவப்பாகிவிட்ட பளபளப்பு. மேலே இரண்டு வரிசையாக மேடுகள், ஈர மண்ணை விரலால் கிள்ளிக் கிள்ளி வைத்தது போல. ஒரு பல்லைக் கையில் கொடுத்தால் மேலா கீழா, இடமா வலமா, யார் வாயில் எந்த மூலை என்று சொல்லிவிடுகிற பெண். இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எந்த வாயிலும் வைக்க முடியவில்லை. ஒன்று மட்டும் பார்த்தவுடன் தெரிந்தது. எனாமல் மெலிசு. கழுத்து ஒடுங்கியிருந்தது.

"பால்பல்லு. குழந்தையோடது" என்றாள்.

மதில் மேல் தலை அப்படியே நின்றது. தையல்காரம்மா பேசினால் தாங்கிக்கொள்ளலாம். பேசாமல் இருந்தால்தான் ஆபத்து.

"மனுஷக் குழந்தை இல்லைங்க, பயப்படாதீங்க" என்றாள் பல்லக்கா. "என்ன குழந்தைன்னுதான் தெரியல."

அருங்காட்சியகத்துக்குச் சொல்லி அனுப்பியதில் ஒருவர் வந்தார். மெல்லிய மனிதர், தடித்த கண்ணாடி. வாழ்க்கை முழுவதும் சிப்பியும் நத்தையும் படித்தவர். எலும்பு பார்ப்பவர் ஓய்வு பெற்றபின் அந்த நாற்காலியையும் சேர்த்து இவர் தலையில் கட்டியிருந்தார்கள். சிப்பிக்காரர் என்று தெரு அன்றைக்கே பெயர் வைத்துவிட்டது. அவர் பல்லை வாங்கினார், வெளிச்சத்தில் பிடித்தார், பிறகு நாக்கை நீட்டி வேர்ப்பக்கத்தை அதில் வைத்தார்.

"ஐயய்யோ! சாக்கடைக்குத் தோண்டின இடத்துல எடுத்தது சார் அது!" என்றாள் தையல்காரம்மா.

"ஒட்டுதும்மா." சிப்பிக்காரர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "சும்மா கல்லா இருந்தா நாக்குல ஒட்டாது. எலும்பு கல்லா மாறினா உள்ளே பொடிப்பொடியா துவாரம் இருக்கும். எச்சிலை இழுக்கும்."

பின்வாசலில் செம்போடு நின்ற மாமியார், "அப்ப அதுக்கு இன்னும் தாகம் அடங்கல" என்றார்.

சிப்பிக்காரர் பல்லைத் துடைத்து மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார்.

யானை ஜாதியாக இருக்கலாம் என்றார் சிப்பிக்காரர். இப்போது இருக்கிற யானை இல்லை, அதற்குப் பல் தட்டையாக வரி வரியாக இருக்கும். இது மேடு மேடாக இருக்கிறது. மனுஷனே இல்லாத காலத்தில் இந்தப் பக்கம் திரிந்த ஏதோ ஒரு தூரத்துச் சொந்தம். "நத்தைன்னா பார்த்தவுடனே சொல்லிடுவேன். இதுக்குன்னே ஒரு அம்மா இருக்காங்க, வெளிநாட்டுல. யானைப் பல்லைத் தவிர வேற எதையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டாங்க. பல்லை அனுப்பறதுக்கு அனுமதி இல்லை. அச்சு எடுத்துத்தான் அனுப்பணும்." பின்னறைப் பலகையில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்த தாடைகளைப் பார்த்தார். "அதுக்கு நான் வேற ஆளைத் தேட வேண்டியதில்லை போலிருக்கே."

அடுத்த நாள் மத்தியானம் பல்லக்கா அச்சு எடுத்தாள். அவளுக்கு அது தூக்கத்தில்கூடச் செய்யக்கூடிய வேலை. வேரின் அடிப்பக்கம் ஒரு குழி இருந்தது, உள்ளேயிருந்து யாரோ நக்கி நக்கிக் கரைத்தது போல. குழிக்குள் அச்சு ரப்பர் போனால் உருவும்போது கிழியும். அதனால் வழக்கம்போல விளக்கில் மெழுகை இளக்கி, குழியில் அடைத்து, கட்டைவிரலால் அழுத்தி, கத்தியால் வழித்துவிட்டாள். எந்தப் பல் டாக்டரிடமும் இதையெல்லாம் சொல்கிற வழக்கமில்லை. நூலை எச்சில் தொட்டுத்தான் ஊசியில் கோத்தேன் என்று எந்தத் தையல்காரி சொல்லுவாள்? அச்சு எடுத்தபின் வெந்நீரில் மெழுகைக் கரைத்துவிடுவாள், அவ்வளவுதான்.

ரப்பரிலிருந்து பல்லை உருவியபோது மேஜை மேல் வெளிச்சம் போனது.

விளக்கு அணைந்த மாதிரி இல்லை. ஜன்னலை ஒட்டி யாரோ வந்து நின்ற மாதிரி. "யாரு? வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்றாள், தலையைத் தூக்காமலே. ஈரச் சேற்று வாசனை வந்தது. மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது. பிளாஸ்டர் கலக்க வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீரில் மெல்லிய வளையங்கள் எழுந்து ஓரத்தில் போய் அடங்கின. மறுபடி எழுந்தன. கனமான ஒன்று காலை மாற்றி வைப்பது போல.

நிமிர்ந்து பார்த்தாள். வெயில். வெறும் கொல்லை. துணிக்கொடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியின் மேல் விளிம்பில், எம்பி நின்றாலும் எந்த மனுஷன் வாயும் போகாத உயரத்தில், மூச்சுப் பட்டது போல ஒரு வெண்படலம். அவள் பார்க்கப் பார்க்கவே அது சுருங்கி மறைந்தது.

பல்லக்கா பயந்தவள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குப் பல்லைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் போட்டு மூடிவிட்டு, ஒரு வேலையும் இல்லாத முன்னறையில் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். மெழுகு வேருக்குள்ளேயே தங்கிவிட்டது. மேலே பிளாஸ்டர்த் தூசி படிந்து, அதுவும் கல்லாகவே தெரிந்தது. டப்பா சிப்பிக்காரரோடு போனது. ஒரு நகல் வெளிநாட்டுக்கு, ஒன்று அருங்காட்சியகத்துக்கு. இன்னொன்றை வழக்கப்படி தன் பலகையில் வைத்துக்கொண்டாள், தையல்காரம்மாவின் கீழ்வரிசைக்குப் பக்கத்தில்.

பதில் வந்த அன்று சிப்பிக்காரர் செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்துவிட்டார். கையில் போன், கண்ணாடி நெற்றியில்.

"அழிஞ்சு போன யானைச் சொந்தம்தான், சந்தேகமே இல்லையாம். குட்டிக்கு முதன்முதலா முளைக்கிற கடைவாய்ப் பல். இவ்வளவு சின்னது, இவ்வளவு முழுசா, உலகத்துலயே விரல் விட்டு எண்ணிடலாம்னு எழுதியிருக்காங்க. இதுக்கு மேலதான் விஷயமே இருக்கு. வேர் முழுசா இருக்காம். அப்படின்னா பல் தானா விழலை. வாயில இருக்கும்போதே குட்டி செத்திருக்கு. பல் இங்க இருந்தா தாடை இங்க இருக்கணும். தாடை இருந்தா..." கையைக் கொல்லைப் பக்கம் நீட்டினார். "நீங்க அனுமதி குடுத்தா, தோண்டிப் பார்த்துடலாம்."

வீடு மாமியார் பெயரில் இருந்தது. அவர் மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிவதற்குள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"தோண்டுங்க."

"அத்தை, கொஞ்சம் யோசிச்சு..." என்றாள் பல்லக்கா.

"எவ்வளவு ஆழம் போவீங்க?" மாமியார் சிப்பிக்காரரைத்தான் பார்த்துக் கேட்டார்.

"கிடைக்கிற வரைக்கும்மா."

"நல்லா ஆழமா தோண்டுங்க. கடப்பாறை போடாதீங்க. கையால எடுங்க. வலிக்கும்."

சிப்பிக்காரர் நெகிழ்ந்துபோனார். அறிவியலின் மேல் இந்த வயசில் இவ்வளவு அக்கறையா என்று சொல்லிக்கொண்டே போனார். பல்லக்காதான் கையில் டம்ளரோடு நின்ற இடத்திலேயே நின்றாள். வலிக்கும் என்றது எதைப் பற்றி என்று அவளுக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது.

அந்த நாட்களில் மத்தியானத்து இருட்டு தினசரி வர ஆரம்பித்தது. ஈறு கட்டிக்கொண்டிருப்பாள், வெளிச்சம் போகும், தண்ணீர் நடுங்கும். பழகிக்கொள்ளப் பார்த்தாள். மேகம் என்றும், லாரி என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எங்கள் சந்தில் சைக்கிள் திரும்புவதே கஷ்டம். லாரி எங்கிருந்து வரும்? ஒருநாள் மாமியார் பட்டறை வாசலில் வந்து நின்று ஜன்னலைப் பார்த்தார். கொஞ்சமும் அதிராத முகம்.

"நிக்கிறா பாரு" என்றார்.

"யாரு அத்தை?"

"பெத்தவ. பிள்ளையோட பல்லை எடுத்து நாக்குல வச்சுப் பார்த்தா சும்மா இருப்பாளா? தேடிட்டு வந்திருக்கா."

அவர் போன பிறகு பல்லக்கா பலகையிலிருந்து நகலை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது. வெளிச்சம் திரும்பியிருந்தது, சாய்ந்து விழுந்தது. வேரின் அடிப்பக்கத்தில் அந்தச் சாய்வு வெளிச்சத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தன, வளைந்து வளைந்து. பிளாஸ்டரை நாள் முழுவதும் உரசுகிறவளுக்கு மட்டுமே தெரிகிற கோடுகள். கோடுகளை அறுத்துக்கொண்டு கத்தியின் ஒரு வழிப்பு. தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். ரேகை ரேகையோடு போய்ப் பொருந்தியது.

குழி. மெழுகு.

பால்பல்லைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடுத்த பல் உள்ளேயிருந்து நெருக்கும்போது பால்பல்லின் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து குழிந்துவிடும். பிறகு பல் ஆடும், விழும். ஆடி விழுந்த எந்தக் குழந்தையின் பல்லைத் திருப்பிப் பார்த்தாலும் அந்தக் குழி இருக்கும். இந்தக் குட்டி சாகவில்லை. பல்லைத் துப்பிவிட்டு அம்மா பின்னாலோ முன்னாலோ நடந்து போய்விட்டது. கொல்லையில் தாடையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வெளிநாட்டு அம்மா படித்தது யானைக்குட்டியின் வேரை இல்லை, பல்லக்காவின் மெழுகை.

சிப்பிக்காரருக்குச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். மாமியார் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு உரியவரிடம் முதலில் சொல்வதுதானே முறை?

"அத்தை, தோண்ட வேண்டாம்னு சொல்லிடப் போறேன். அங்க ஒண்ணும் கிடைக்காது."

மாமியார் செம்பைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை உதறினார். "இப்படிச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்."

"என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தைச் சொன்னேன்? ஒண்ணும் சொல்லாமத்தானே இத்தனை வருஷம் உன் கையால சாப்பிட்டேன்."

மாமியார் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் தேவலை.

"என் பொண்ணு எத்தனை தடவை வந்து கூப்பிட்டா? போனேனா? மகளை விட்டுட்டு மருமகளோட இருக்கேன்னு ஊரே உன்னைக் கொண்டாடுச்சு. உனக்காகவா இருந்தேன்? என் பிள்ளை இங்க இருக்கான். அவனை விட்டுட்டு நான் எங்க போறது?"

மாமியார் உள்ளே போய்விட்டார். பல்லக்கா அந்த ஈர மண்ணைப் பார்த்தபடி நின்றாள். காய்ச்சலில் இவர் தலையைத் தன் மடியில் வைத்துக் கொண்டிருந்தது, வாரந்தோறும் தலை வாரிவிட்டது, ஈறில் உறுத்தாமல் இருக்க இவருடைய செட்டை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கொடுத்தது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. மாமியாரின் வாயில் இருக்கிற சிரிப்பே அவள் செய்து கொடுத்த சிரிப்பு. அதற்குப் பின்னால் இது உட்கார்ந்திருந்திருக்கிறது. தெரு விளையாட்டுக்குச் சொன்னதை இவர் நிஜமாகவே நம்பியிருக்கிறார். நம்பிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் ஊற்றும்மா என்று தட்டை நீட்டியிருக்கிறார்.

போனைத் திரும்ப இடுப்பில் செருகினாள். இப்போது தோண்ட வேண்டாம் என்று சொன்னால், அந்தப் பள்ளத்தை இரண்டாம் தடவையும் மூடியவள் ஆகிவிடுவாள். நகலைப் பலகையில் கொண்டுபோய் வைத்தாள், வேர்ப்பக்கம் சுவரைப் பார்த்தபடி.

தோண்டுகிற அன்று எங்கள் தெருவில் யாருக்கும் வேறு வேலை இருக்கவில்லை. மாடிகளில் திடீரென்று துணி உலர்த்துகிறவர்கள் பெருகினார்கள். தையல்காரம்மா மதிலோரம் ஸ்டூல் போட்டு, பொத்தான் தைக்கிற வேலையாகப் பார்த்துக் கொண்டுவந்திருந்தாள். ஊசியைப் பார்க்காமலே தைக்கலாமே. சிப்பிக்காரரோடு இரண்டு ஆட்கள் வந்தார்கள். கயிறு கட்டினார்கள், சல்லடை வைத்தார்கள், கரண்டியால் சுரண்டினார்கள். பல் கிடைத்த இடத்தில் ஆரம்பித்து, பழைய பள்ளத்துக்குள் இறங்கினார்கள். மாமியார் நாற்காலியைப் பள்ளத்தின் விளிம்பிலேயே போடச் சொல்லி உட்கார்ந்திருந்தார்.

"சார், இங்க ஏதோ..." என்றான் ஆட்களில் ஒருவன்.

மாமியார் எழுந்துவிட்டார். தையல்காரம்மாவின் மடியிலிருந்து பொத்தான்கள் கொட்டி மதிலுக்கு இந்தப் பக்கம் உருண்டன.

ஒரு ரப்பர்ச் செருப்பு. ஒற்றை. மண்ணோடு மண்ணாக.

"செருப்பு! செருப்பு!" என்றாள் தையல்காரம்மா. அது சந்தோஷக் கூச்சலாக வந்துவிட்டதென்று அவளுக்கே தெரிந்து, கடைசியில் ஒரு "ஐயோ பாவம்" சேர்த்துக்கொண்டாள்.

"என்னோடது" என்றாள் பல்லக்கா. "மூடும்போது சேத்துல மாட்டிக்கிச்சு. வாருல கையை விட்டு எடுக்கப் பார்த்தேன், வரல."

மாமியார் செருப்பை வாங்கினார். முந்தானையால் மண்ணைத் துடைத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சின்னது. அவர் மகனின் பாதத்தில் பாதிக்குக்கூட வராது. செருப்பைக் கீழே வைத்தார். சிப்பிக்காரர் இதில் என்ன பிரச்சினை என்று புரியாமல் இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இடுப்பளவு வந்ததும் தளர்ந்த மண் தீர்ந்தது. அடியில் கெட்டித் தரை. அதில் மண்வெட்டியின் வெட்டுகள் அப்படியே வரிசையாக இருந்தன, இடது கைக்காரரான பல்லக்காவின் புருஷன் வெட்டினபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்து. எங்கே அலுத்துப்போய் நிறுத்தினார் என்பதுகூடத் தெரிந்தது. கடைசி வெட்டு பாதி.

"இதுக்குக் கீழ மனுஷன் கையே பட்டதில்லைம்மா" என்றார் சிப்பிக்காரர். "மண்ணு அடுக்கு அடுக்கா கலையாம இருக்கு பாருங்க." இன்னும் ஓர் ஆள் உயரம் போனார்கள். பல் கிடைத்த பக்கம் மதிலின் அடி வரைக்கும் போனார்கள். நத்தை ஓடுகள் வந்தன. சிப்பிக்காரர் அவற்றைப் பார்த்தும் சந்தோஷப்படவில்லை. தாடை இல்லை. எலும்பு இல்லை. யாருடையதும் இல்லை.

மாடிகளில் துணி உலர்ந்துவிட்டது. ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். சினிமா பாதியில் நின்றுவிட்டது போன்ற முகங்கள்.

மாமியார் பள்ளத்தின் விளிம்பில், மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். வெகு நேரம் உள்ளே பார்த்தார், அந்தப் பாதி வெட்டை.

"அப்ப எங்க போனான்?"

அந்த வீட்டில் அந்தக் கேள்வி அன்றுதான் முதன்முதலாகக் கேட்கப்பட்டது.

"கப்பல் வேலைக்குன்னு சொல்லிட்டுப் போனார், அத்தை."

"சொல்லிட்டா போனான்?"

"சொல்லிட்டுத்தான்."

"என்கிட்ட சொல்லலையே. இத்தனை வருஷம் எங்கேயோ இருந்துக்கிட்டு, ஒரு வார்த்தை... என்கிட்ட சொல்லலையே."

செத்துப்போன பிள்ளைக்குச் சாயங்காலம் ஒரு செம்பு தண்ணீர் போதும். உயிரோடு இருந்துகொண்டு எட்டிப் பார்க்காத பிள்ளைக்கு எதை ஊற்றுவது? பல்லக்கா நினைத்தது வேறு. உண்மை தெரிந்தால் இவருக்கு ஆறுதலாக இருக்கும், தனக்கும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தபோதுதான், இருந்த ஒரே சமாதியையும் பிடுங்கிவிட்டோம் என்று தெரிந்தது.

சிப்பிக்காரரை அவள்தான் பின்னறைக்குக் கூப்பிட்டாள். மாமியாரும் கூடவே வந்தார். அவரைத் தனியாக விட அவளுக்கு மனசில்லை. "டப்பாவுல கொண்டுவந்திருக்கீங்களே, அந்தப் பல்லைக் குடுங்க" என்று வாங்கி, வெந்நீர்க் கிண்ணத்தில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மெழுகு இளகி, கொழுப்புத் துளி போல மேலே வந்து மிதந்தது. பல்லைத் துடைத்து, திருப்பி, குழியைக் காட்டி, மாமியார் கையில் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னாள், சுருக்கமாக, சுவரைப் பார்த்துக்கொண்டு.

சிப்பிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "என்னம்மா இது... ஊரைக் கூட்டித் தோண்டினோமே. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"தோண்டறதுக்கு முன்னாடியே."

"பின்ன ஏம்மா சொல்லல?"

பல்லக்கா மாமியாரைப் பார்த்தாள். சிப்பிக்காரரும் மாமியாரைப் பார்த்தார். அங்கே ஒரு வயசான அம்மா பல்லைக் கையில் வைத்துக்கொண்டிருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. நத்தையோடே காலம் தள்ளியவர். எல்லாம் மெதுவாகத்தான் போய்ச் சேரும். "எதுவானாலும் குட்டியோட முதல் பல்லுங்கறதுல மாற்றம் இல்லை" என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "வேர் மட்டும் வேற கதை சொல்லுது. அந்தம்மாவுக்கு நானே எழுதிடறேன்."

மாமியார் சுண்டு விரலை வேரின் குழிக்குள் வைத்துப் பார்த்தார்.

"அப்ப இது சாகலையா?"

"இல்ல அத்தை. அடுத்த பல்லு முளைச்சிருக்கு. இதைத் துப்பிட்டு நடந்து போயிடுச்சு."

"எங்க?"

"தெரியாது. எங்கேயோ."

"அதோட அம்மாவுக்கு அது தெரியுமா?"

அப்போதுதான் வெளிச்சம் போனது. மூன்று பேரும் இருக்கும்போது வந்தது அதுதான் முதல் தடவை. கிண்ணத்தில் மெழுகுத் துளி நடுங்கி ஓரத்தில் போய் ஒட்டியது. பலகையில் பிளாஸ்டர்த் தாடைகள் ஒன்றோடொன்று உரசி, பல் கிட்டினது போல ஒரு சத்தம். மேகம் போலிருக்கிறது என்றார் சிப்பிக்காரர், ஜன்னலைப் பார்க்காமலே. பல்லை மட்டும் அவசர அவசரமாக டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை மாமியாரின் பை முன்வாசலில் இருந்தது. மகளுக்குப் போன் போட்டாயிற்று. மருமகப் பிள்ளை வந்து அழைத்துப் போவார். பல்லக்கா தடுக்கவில்லை. எந்த உரிமையில் தடுப்பது? மகனுக்காக இருந்தவர், மகன் அங்கே இல்லை. பல்செட்டு கழுவுகிற தூரிகையையும் கிண்ணத்தையும் பையில் எடுத்து வைத்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பட்டறைக்குப் போய் யாருடைய ஈறையோ தேய்க்க ஆரம்பித்தாள். மத்தியானமானது. வெளிச்சம் போனது. அவள் தலையைத் தூக்கவில்லை.

பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

மாமியார் செம்போடு கொல்லையில் நின்றிருந்தார். பள்ளத்துக்குள் தண்ணீரை ஊற்றினார். பிறகு அண்ணாந்து, தன் தலைக்கு வெகு மேலே எதையோ பார்த்துப் பேசினார். ஜன்னல் வழியாகப் பல்லக்காவுக்கு எல்லாம் கேட்டது.

"உன் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகல. பல்லு விழுந்திருக்கு, அவ்வளவுதான். நடந்து போயிடுச்சு. நீ இங்க நின்னு பிரயோஜனம் இல்லம்மா, போ."

துணிக்கொடி ஆடியது. வெளிச்சம் வரவில்லை.

மாமியார் உள்ளே வந்து, முன்வாசலில் இருந்த பையைத் தூக்கித் தன் அறையில் கொண்டுபோய் வைத்தார். "கேட்கமாட்டேங்கிறா" என்றார் பல்லக்காவிடம். "ஒரே நாள்ல கேட்கிற விஷயமா? நானே கேட்டேனா? மாப்பிள்ளையை வர வேண்டாம்னு சொல்லிடு. நீ என்ன, இன்னும் டீ போடலையா?"

பள்ளத்தை அவர்கள் மூடவே இல்லை. தினமும் மத்தியானம் இரண்டு பேருமாகப் போய் நிற்கிறார்கள், ஆளுக்கொரு செம்பு. மாமியார் பேசுவார், பல்லக்கா பக்கத்தில் சும்மா நிற்பாள். மழை வந்து பள்ளம் நிறைந்ததும் தையல்காரம்மா மதில் மேல் ஏறிக் கத்தினாள்: "மூடித் தொலைங்க பல்லக்கா, கொசு வரும்!"

"வந்தா வரட்டும்" என்றாள் பல்லக்கா.

கொசு வரவில்லை. காலையில் விளிம்பு வரை நிற்கிற தண்ணீர் சாயங்காலத்துக்குள் பாதியாக இறங்கிவிடுகிறது. மண் குடிக்கிறது என்று தெரு சொல்லிக்கொள்கிறது. தையல்காரம்மா மட்டும் அப்படிச் சொல்வதில்லை. கொல்லைப் பக்கம் இருந்த தையல் மெஷினைத் தெருப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டாள். பழைய இடத்தில் வெளிச்சம் போதவில்லையாம். மத்தியானமானால் யாரோ வந்து ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்கிறார்களாம்.